கதவு ரப்பரில் பல் தடம்

சீல் மாஸ்டர் கட்டிய அறையிலிருந்து ஒரு மூச்சுக் காற்றுகூடத் தப்பாது என்பது அந்தத் தொழிலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். பட்டப்பெயர் அந்த அளவுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. மீன், மருந்து, பழம், பால் என்று கெட்டுப்போகிற சரக்குகளுக்குக் குளிர் அறை கட்டுவது அவர் வேலை. உள்ளே பஞ்சு போன்ற நுரையும் இரண்டு பக்கமும் தகடும் வைத்த பேனல்களை நிறுத்தி, இணைப்புகளில் சிலிகான் பூசி, கதவுக்கு ரப்பர் சுற்றி ஒப்படைப்பார். இருபது வருடத்தில் ஓர் அறைகூடக் கசிந்தது என்று திரும்பி வந்ததில்லை. அதை அவரே வாரத்துக்கு இரண்டு முறை சொல்லிவிடுவார் என்பதால் யாரும் மறக்கவும் முடியாது.

அறை கட்டி முடிந்ததும் ஒரு சோதனை உண்டு. ஒருவர் உள்ளே போவார். கதவைச் சாத்தி விளக்கை அணைத்துவிடுவார்கள். இன்னொருவர் வெளியே நின்று பெரிய டார்ச்சை இணைப்பு இணைப்பாக நகர்த்திக்கொண்டு போவார். உள்ளே இருப்பவர் கும்மிருட்டில் நாலாபுறமும் பார்த்து, எங்காவது ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். சுவர் தடிமனானது, பேச்சுக் கேட்காது. அதனால் தட்டுதான் மொழி. வெளியிலிருந்து மூன்று தட்டு வந்தால் உள்ளே இருப்பவர் மூன்று தட்டுத் திருப்பித் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் ஏன் எதற்கு என்று யோசிக்கக் கூடாது, கதவைத் திறந்துவிட வேண்டும். ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லை என்றால், வெளியே வந்ததும் உள்ளே இருந்தவர் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை: வெளிச்சம் தெரியலை. அதைக் கேட்கும்போது மாஸ்டர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது, பெண் பிள்ளை பிறந்திருக்கிறது, இரட்டைப் பிள்ளையே பிறந்திருக்கிறது என்று சொன்ன மாதிரி இருக்கும்.

அப்படிப்பட்ட மனிதர் தனக்கு ஒரு வீடு கட்டினால் எப்படிக் கட்டுவார்? லாரி நிறுத்துமிடத்துக்குப் பின்னால் துண்டு நிலம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, மிச்சமான பேனல்களைச் சேர்த்து, பதினெட்டு அடி நீளம் எட்டு அடி அகலத்தில் ஒரு பெட்டி கட்டினார். ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் குளியல், நடுவே மனைவியின் தையல் மெஷின், அதற்கு மேலே ஏணி வைத்து ஏறும் பரண் படுக்கை. திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல் ஒன்று. கதவு மட்டும் அசல் குளிர் அறைக் கதவு. சாத்தினால் "ப்பப்" என்று உதடு ஒட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். வருடம் ஒரு வாடகை வீடு என்று அலைந்த குடும்பத்துக்கு அது அரண்மனைதான். குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுகிறோம் என்று மனைவி சிரித்தாளே தவிர அவளுக்கும் சந்தோஷம்.

வீட்டுக்கும் அந்தச் சோதனை நடந்தது. உள்ளே நின்றது ஆறு வயது மகள். பெயர் எதற்கு, வீட்டில் எல்லோருக்கும் அவள் சிட்டு. மாஸ்டர் வெளியிலிருந்து மூன்று தட்டினார். உள்ளிருந்து பிஞ்சுக் கையால் மூன்று தட்டு வந்தது. ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, டார்ச்சை ஒரு சுற்று ஓட்டி, கதவைத் திறந்தார். சிட்டு துள்ளிக் குதித்து ஓடி வந்தாள்.

"அப்பா, வெளிச்சம் தெரியலை!"

அவளை அப்படியே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு லாரிகளைச் சுற்றி ஓர் ஓட்டம் ஓடினார் மாஸ்டர். பை நிறைய மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு சுவரைத் தட்டுவது அப்பாவுக்கும் மகளுக்குமான விளையாட்டாகிவிட்டது. வேலை முடிந்து வந்தால் பரண் பக்கத்துச் சுவரை வெளியிலிருந்து மூன்று முறை தட்டுவார். மூன்று தட்டு வந்த பிறகுதான் கதவுப் பக்கம் போவார்.

வீட்டைப் பார்க்க வந்த மனைவியின் அண்ணன் பிளம்பர் வேலை பார்ப்பவர். உள்ளே வந்து உட்கார்ந்து டீ குடித்தார். ஒரு டம்ளர் முடிவதற்குள் சட்டைக் காலரைத் தளர்த்தினார்.

"மாப்ள, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. காத்து எங்க வருது, எங்க போகுது?"

"எதுக்கு மச்சான் போகணும்? அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"அடப் போங்க. சமைக்கிறீங்க, குளிக்கிறீங்க, துணி காயப்போடுறீங்க. அந்த ஈரம் எல்லாம் எங்க போகும்?"

அடுத்த வாரமே அவர் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். மாஸ்டர் நன்றி சொல்லி வாங்கி, பெட்டியைப் பிரிக்காமல் தையல் மெஷினுக்குக் கீழே தள்ளிவிட்டார். தன் கையால் அடைத்த சுவரில் தன் கையாலேயே ஓட்டை போடுவதா? மனைவி அந்தப் பெட்டியைக் கால் வைக்கும் பலகையாகப் பயன்படுத்திக்கொண்டாள்.

வெயில் இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. மழையும் குளிரும் சேர்ந்து வந்ததும்தான் வீடு தன் குணத்தைக் காட்டியது. முதலில் ஜன்னல் கண்ணாடியில் வியர்வை. பிறகு கூரைத் தகட்டில் முத்து முத்தாக நீர். ஒரு காலையில் சிட்டுவின் நெற்றியில் சொட்டுச் சொட்டாக விழுந்து அவள் எழுந்துகொண்டாள். துணி அலமாரியைத் திறந்தால் ஈரச் சாக்கு வாடை. சிட்டுவுக்கு இருமல் பிடித்தது; மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி இருப்பதுபோல் ஒரு சத்தம். மருந்து கொடுத்தால் இரண்டு நாள் அடங்கும், மறுபடி வரும்.

பள்ளி விடுமுறை நாள் ஒன்றில் மனைவி பரண் மெத்தையைப் புரட்டினாள். அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு. மகள் படுக்கிற இடத்தில், அவள் உடம்பு அளவுக்கே, பூஞ்சை படர்ந்திருந்தது.

"ஏங்க, இங்க வந்து பாருங்க."

மாஸ்டர் ஏணியில் ஏறிப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகத்தில் வந்தது கவலை இல்லை, கோபம்.

"எங்கேயோ ஒழுகுது. நான் எங்கேயோ விட்டிருக்கேன்."

"ஒழுகலைங்க. இது நம்ம மூச்சு. நம்ம சோத்துப் பானை, நம்ம குளிக்கிற வெந்நி, என் இஸ்திரிப்பெட்டி ஆவி. போக வழியில்லாம இங்கேயே சுத்திட்டு இருக்கு. அண்ணன் கொடுத்த ஃபேனை மாட்டுங்க."

"உனக்கு என்ன தெரியும்? இருபது வருஷமா இதே வேலைதான் பார்க்கிறேன். ஈரம்னா வெளியில இருந்துதான் உள்ள வரும். ரூம்ல எங்க தண்ணி நின்னாலும் எங்கேயோ ஓட்டைன்னு அர்த்தம்."

குளிர் அறைக்கு அது சரிதான். அங்கே மூட்டை மூட்டையாக மீன் கிடக்கும், மீன் மூச்சு விடாது. மூன்று பேர் படுத்து எழுந்து சமைத்துச் சாப்பிடுகிற அறைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்பது ஒரு பாட்டுக் கச்சேரியில் டிக்கெட் கிழிப்பவருக்குக்கூடப் புரியும். ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவருக்கு யார் சொல்வது? அன்று பகல் முழுக்க மாஸ்டர் சிலிகான் துப்பாக்கியோடு வீட்டைச் சுற்றி வந்தார். ஏற்கெனவே பூசிய இடத்தில் மேலும் பூசினார். குளியல் மூலையில் தண்ணீர் போகும் குழாயைச் சுற்றியிருந்த விரலிடுக்கையும் விடவில்லை. வேலை செய்யும் இடத்திலிருந்து ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைக் கை நிறைய எடுத்து வந்து மூலைக்கு ஒன்றாகப் போட்டார்.

மனைவி அதற்கு மேல் பேசவில்லை. அவரோடு வாக்குவாதம் செய்தால் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். எட்டு அடி அகலத்தில் ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் மற்றவர்கள் எங்கே போய் உட்காருவது? "சரிங்க" என்று சொல்லிவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள்.

ஒரு வாரம், பத்து நாள். வீடு உலர ஆரம்பித்தது. கூரையில் நீர் கோப்பது நின்றது. கண்ணாடியில் ஓரத்தில் மட்டும் லேசான மூட்டம். சிட்டுவின் நெஞ்சுக்குள் இருந்த பூனைக்குட்டியும் மெல்ல அடங்கிற்று. மாஸ்டருக்குத் தலை கால் புரியவில்லை.

"பார்த்தியா? ஓட்டையை அடைச்சேன், ஈரம் நின்னுடுச்சு. இப்ப என்ன சொல்றே?"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் அவள், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு இருந்தது. மாஸ்டர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அந்தக் குளிர் காலத்தின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மனைவி மகளை அழைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். மாஸ்டர் வீட்டைத் துடைத்துப் பெருக்கினார். வாசல் மிதியடியைத் தூக்கினார். கதவின் கீழ் ரப்பரில் ஒரு சாண் நீளத்துக்கு ஒன்றுமே இல்லை.

அவருக்கு ஒரு கணம் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. குனிந்து பார்த்தார். ரப்பரின் இரண்டு முனையிலும் பல் பல்லாகத் தடம். எலி! நிமிர்ந்து கதவைச் சுற்றிப் பார்த்தார். மேல் விளிம்பிலும், கீல் பக்கத்து மூலையில், அதே அளவுக்கு இன்னொரு சாண் காணோம். அங்கேயும் பல் தடம்.

எறும்பு நுழையாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வீட்டில் எலி புகுந்திருக்கிறது. இது மச்சானுக்குத் தெரிந்தால் போதும், ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பார். மனைவி ஒன்றும் சொல்ல மாட்டாள்தான், ஆனால் பார்ப்பாள். மாஸ்டர் யோசிக்கவே இல்லை. அளவு பார்க்கப் பழைய ரப்பரின் பல் தடம் இருந்த முனையிலிருந்து ஒரு துண்டை வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்பெனிக் கிடங்குக்குப் போனார். அங்கே இருந்ததிலேயே நல்ல ரப்பர், உறைய வைக்கும் அறைகளுக்குப் போடுகிற இரட்டை உதடு ரப்பரை எடுத்து வந்து, கதவைச் சுற்றி ஒரே துண்டாகப் பதித்தார். சாத்திப் பார்த்தார். முன்பு வந்த "ப்பப்" சத்தம்கூட வரவில்லை. கதவு ஓசையில்லாமல் கவ்விக்கொண்டது. வீட்டுக்கு அடியில் ஒரு எலிப்பொறியை வைத்து, மிதியடியை இருந்த மாதிரியே போட்டு, கையைக் கழுவினார்.

மாலையில் மனைவியும் மகளும் வந்தார்கள். சீக்கிரம் வந்துட்டீங்களே என்று கேட்டாரே தவிர ரப்பரைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை, பொழுது விடியும்போதே மழை. பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். மனைவிக்கு ஓர் ஆஸ்பத்திரிக்கான சீருடைகள் நாற்பது உருப்படி தைத்து முடிக்க வேண்டியிருந்தது. துவைத்த துணி வெட்டுவதற்கு முன் காய வேண்டும். பரணிலிருந்து கதவு வரை கொடி கட்டித் துணிகளைத் தொங்கவிட்டிருந்தாள். நடுவே காஸ் ஹீட்டரைப் பற்ற வைத்தாள். நீல நிறத்தில் சீராக எரிந்தது.

"குளிருதும்மா. கதவைத் தாழ் போட்டுக்க" என்றார் மாஸ்டர், மழைக்கோட்டை மாட்டிக்கொண்டே. "லாரிக்காரப் பசங்க திரியறானுங்க."

"போட்டுக்கறேன். நீங்க நனையாம போங்க."

பரணில் படுத்திருந்த சிட்டு கையை மட்டும் நீட்டி ஆட்டினாள். கதவு அவருக்குப் பின்னால் ஓசையில்லாமல் மூடியது. தாழ் விழுகிற சத்தம்கூட வெளியே கேட்கவில்லை. நல்ல வேலை என்று நினைத்துக்கொண்டே அவர் மழையில் இறங்கினார்.

அன்று சோதனை செய்ய வேண்டியிருந்தது ஒரு மருந்துக் கிடங்கின் குளிர் அறை. இருபது வருடமாகக் கூட வேலை பார்க்கும் நெட்டை என்கிற ஃபிட்டர் துணைக்கு. ஆள் ஆறடிக்கு மேல், வாய் அதைவிட நீளம். அறைக்குள் மாஸ்டர் நின்றார், நெட்டை வெளியே டார்ச்சோடு நின்றார். கதவைச் சாத்துவதற்கு முன் சும்மா பேச்சுக் கொடுத்தார் நெட்டை.

"நேத்து ஸ்டோர்ல இரட்டை உதடு ரப்பர் எடுத்தீங்களாமே? யாருக்கு மாஸ்டர்?"

இவரிடம் சொல்லலாம், வீட்டுக்குப் போகாது என்று மாஸ்டருக்குத் தோன்றியது. "யார்கிட்டயும் சொல்லாதே. வீட்டுக் கதவு ரப்பரை எலி கடிச்சிருச்சு."

"ஐயையோ! சீல் மாஸ்டர் வீட்டுலயா?"

"மெதுவாப் பேசுய்யா. கீழ ஒரு சாண், மேல ஒரு சாண் தின்னிருக்கு."

"மேலயுமா?" நெட்டை கதவைப் பிடித்தபடியே சிரித்தார். "கதவு ஏழு அடி உயரம். உங்க வீட்டு எலி ஏணி வெச்சுக்கிட்டுல்ல வந்திருக்கு!"

கதவு மூடியது. இருட்டு வந்து முகத்தில் அப்பியது.

மாஸ்டர் வழக்கம்போல் கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். ஒரு பொட்டும் இல்லை. ஆனால் அவர் மனம் வெளிச்சத்தைத் தேடவில்லை, ஏணியைச் சுற்றிக்கொண்டு நின்றது. மேலே எப்படி ஏறும்? வழுக்கும் தகடு. மேலே கடிக்க என்ன இருக்கிறது? கை தானாகச் சட்டைப் பைக்குள் போயிற்று. நேற்று அளவு பார்க்க வெட்டிய துண்டு அங்கேயே இருந்தது. கட்டை விரலால் அதன் முனையைத் தடவினார். பல், பல், பல். எல்லாம் ஒரே அளவு. ஒரே ஆழம். ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி. எந்த எலிக்கு இப்படி வரிசையாகப் பல் இருக்கும்?

இந்தப் பல் வரிசையை அவர் வேறு எங்கோ தடவியிருக்கிறார். தினமும். தரையில் கிடக்கும் வெட்டுத் துணிகளில், சீருடையின் உள் மடிப்பில், தன் சொந்தச் சட்டையின் தையலோரத்தில். துணி நூல் பிரியாமல் இருக்க மனைவி வெட்டுகிற, வாய் முழுக்கப் பல் வைத்த ஜிக்ஜாக் கத்தரிக்கோலின் தடம்.

இருட்டிலேயே எல்லாம் வெளிச்சமாகத் தெரிந்தது அவருக்கு. வீடு உலர்ந்தது சிலிகானால் இல்லை. பொட்டலத்தால் இல்லை. காற்று கீழே நுழைந்து மேலே போவதற்கு அவள் இரண்டு வழி வெட்டி வைத்திருந்தாள். கீழ் வழியை மிதியடி மறைத்தது, மேல் வழியை யாரும் பார்ப்பதில்லை. அந்த வழி இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அவள் காலையில் ஹீட்டரைப் பற்ற வைத்தாள். ஈரத் துணியைக் கட்டினாள். அவர் சொன்னபடி தாழையும் போட்டுக்கொண்டாள்.

வெளியிலிருந்து மூன்று தட்டு வந்தது. மாஸ்டர் திருப்பித் தட்டவில்லை. உள்ளிருந்து கதவைத் திறக்க வைத்திருந்த தள்ளுகோலைத் தோளால் இடித்துக்கொண்டு வெளியே விழுந்தார்.

போன் அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தார். மெஷின் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். மூன்றாவது முறையும் மணி முழுக்கப் போய் அறுந்தது. நெட்டை அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பைக்கைக் கிளப்பினார். அரை மணி நேரத் தூரம். மணி அப்போது பன்னிரண்டு. ஹீட்டர் ஏழு மணியிலிருந்து எரிகிறது. ஐந்து மணி நேரம், பதினெட்டு அடிக்கு எட்டு அடி, இரண்டு மூச்சு, ஒரு நெருப்பு. அந்தக் கணக்கை மழையில் நனைந்துகொண்டே மாஸ்டர் திரும்பத் திரும்பப் போட்டார். எத்தனை முறை போட்டாலும் விடை ஒன்றாகத்தான் வந்தது.

லாரிகள் மழையில் வரிசையாக நின்றன, ஆள் யாரும் இல்லை. வீட்டு ஜன்னல் உள்பக்கம் பால் ஊற்றியது போல் வெள்ளையாக இருந்தது. அதில் நீர் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது. கதவைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. தாழும் பிடித்திருந்தது, அவர் நேற்றுப் பதித்த ரப்பரும் பிடித்திருந்தது. கத்தினார். கத்தினால் கேட்காது என்பது கட்டியவருக்குத் தெரியாதா?

"சுத்தியல் எடுடா! பைக் பெட்டியில இருக்கு!"

நெட்டை ஓடினார். அந்த இடைவெளியில் மாஸ்டர் பரண் பக்கத்துச் சுவருக்குப் போய் முஷ்டியால் மூன்று முறை தட்டி, காதைத் தகட்டில் வைத்தார்.

மழைச் சத்தம். அதற்கு உள்ளே ஒன்றும் இல்லை.

மறுபடி மூன்று.

உள்ளிருந்து ஒரு தட்டு வந்தது. ஒன்றே ஒன்று. கைவிரல் தகட்டில் விழுந்து சரிந்த மாதிரி. இரண்டாவது வரவில்லை.

சுத்தியலைப் பிடுங்கி ஜன்னலை அடித்தார். குளிர் அறைக் கண்ணாடி, இரண்டு அடுக்கு. நான்காவது அடியில்தான் உடைந்தது. உள்ளிருந்து சூடான ஈரக் காற்று, நாள்பட்ட துணி மூட்டையைத் திறந்த மாதிரி, அவர் முகத்தில் அடித்தது. கை கிழிவது தெரியாமல் உள்ளே நுழைந்தார். ஹீட்டரில் நெருப்பு நீலமாக இல்லை, மஞ்சளாகச் சோம்பி எரிந்துகொண்டிருந்தது. அதை அணைத்தார். கதவுக்குத் திரும்பினால் அங்கே வழியை மறித்துக்கொண்டு மனைவி கிடந்தாள்.

கதவோரம் குப்புறக் கிடந்தாள். மிதியடி புரண்டு கிடந்தது. கையில் அந்தக் கத்தரிக்கோல். புது ரப்பரில் கீழே ஓர் இடத்தில் இரண்டு விரல் நீளத்துக்குப் பல் பல்லாக வெட்டு இருந்தது. இரட்டை உதடு ரப்பர், தடிமனானது. அதற்கு மேல் அவள் கையில் பலம் இருந்திருக்கவில்லை. மாஸ்டர் அவளை நகர்த்தித் தாழை எடுத்தார், நெட்டை பரணிலிருந்து சிட்டுவைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்.

ஆஸ்பத்திரியில் மனைவிக்கு மறுநாள் காலையே தெளிந்துவிட்டது. தலைவலி மட்டும் இருந்தது. அவள் தரையில் கிடந்ததால் தப்பினாள், குழந்தை உயரத்தில் படுத்திருந்ததால் சூடும் ஹீட்டரின் விஷக் காற்றும் மொத்தமாக அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கின்றன, மூளைக்கு எவ்வளவு சேதம் என்பது கண் விழித்த பிறகுதான் தெரியும் என்று டாக்டர் சொன்னார். மனைவி அழவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள்.

"தலை சுத்துச்சு. சிட்டுவைக் கூப்பிட்டேன், முனகினா. எந்திரிக்க முடியலை. சரி, ஓட்டைகிட்ட மூக்கை வெச்சுக்கிட்டா கொஞ்சம் தெளியும், அப்புறம் எந்திரிச்சுத் தாழை எடுக்கலாம்னு தவழ்ந்து வந்தேன். மிதியடியைப் புரட்டினேன். ஓட்டையைக் காணோம்."

"எலின்னு நெனச்சேன்" என்றார் மாஸ்டர்.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் அவர் நேற்று முன்தினம் வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே ஒரு பார்வை பார்த்திருப்பாள், அதோடு போயிருக்கும்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

நீயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அவருக்குள் ஏதோ ஒன்று எழுந்தது. சொன்னாளே, மெத்தையைப் புரட்டிக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாளே என்று நினைவு வந்ததும் அது அடங்கிவிட்டது.

சிட்டு மூன்று நாள் கண்ணைத் திறக்கவில்லை. மூக்கில் வாயில் குழாய். மாஸ்டர் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வாயில் இருந்த குழாயை மூன்றாம் நாள் எடுத்துவிட்டு முகமூடி மட்டும் வைத்தார்கள். இனி தானாக எழுந்துகொள்வாள், பேசிக்கொண்டே இருங்கள் என்றாள் நர்ஸ். அவருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. கட்டிலின் இரும்புக் கம்பியில் விரலால் மூன்று முறை தட்டினார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, தொழில் வழக்கப்படி. காலையிலிருந்து தட்டிக்கொண்டே இருந்தார்.

நாலாம் நாள் மதியம். மழை விட்டிருந்தது. வார்டின் பெரிய ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்திருந்தார்கள்; வெயில் கட்டில் மேலேயே விழுந்து போர்வையின் வெள்ளை கண்ணைக் கூச வைத்தது. மாஸ்டர் கம்பியைத் தட்டினார். சிட்டுவின் விரல் அசைந்தது. கம்பியில் ஒரு தட்டு. இரண்டு. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மூன்று.

"ஏம்மா, தட்டிட்டா! மூணும் தட்டிட்டா!" என்று மனைவியைப் பார்த்துக் கத்தினார் மாஸ்டர். கண்ணீர் மூக்கில் வழிந்தது, துடைக்கவில்லை. மகள் கண்ணைத் திறந்திருந்தாள். இரண்டு கண்களும் அகலமாக, அவர் முகத்துக்கு நேராக.

"அப்பா" என்றாள் சிட்டு, முகமூடிக்குள்ளிருந்து.

"சொல்லுடா தங்கம். அப்பா இங்கதான் இருக்கேன்."

"டெஸ்ட் முடிஞ்சுடுச்சாப்பா?" அவள் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். வெயில் அவள் கண்ணுக்குள்ளேயே விழுந்தது, இமை சுருங்கவில்லை. "நான் நல்லாப் பார்த்துட்டேன். வெளிச்சம் தெரியலை."

சொல்லிவிட்டு, மிட்டாய்க்காகக் கையை நீட்டினாள். கை அவர் இருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, காற்றில் நின்றது.